கண்ணகி மண்ணில் ஒரு மௌனம்

வைகாசி பிறந்துவிட்டால் வன்னி மக்களின் நெஞ்சம் வற்றாப்பளையை நாடும். முல்லைத்தீவுக் கடலில் அள்ளிய உப்புநீரில் விளக்கெரிப்பது அக்கோயிலின் மரபு. மதுரையை எரித்த கண்ணகி சினம் தணியாது ஈழம் போந்து, இடந்தோறும் தங்கித் தங்கிப் பத்தாவதாக வந்து அமர்ந்த பளை இஃது. பத்தாம் பளையே வற்றாப்பளை ஆயிற்று என்பது ஊரார் வழங்கும் கதை. நந்திக்கடலின் ஒரு கரையில் அவள் கோயில். மறுகரையில் எங்கள் முள்ளிவாய்க்கால். இக்கரையில் நின்று அக்கரையைக் கும்பிட்டு வளர்ந்தவர்கள் நாங்கள்.

அக்கண்ணகியின் கதையை முப்பது ஆண்டுகளாக வகுப்பிற் கற்பித்து வருபவன் நான். கற்பிக்கும்போது ஓரிடத்தில் எனக்கு நா தடுமாறும். வஞ்சினமாலையில் அவள் தன் இடமுலையைத் திருகி மதுரை மீது எறிகின்ற இடம் அது. மாணவர் சிரிப்பை அடக்கப் பாடுபடுவர். மாணவியர் தலை கவிழ்வர். நானும் 'மார்பு' என்று மாற்றிச் சொல்லிவிட்டு, விரைந்து அடுத்த அடிக்குப் போய்விடுவேன். புறநானூற்றில் காக்கைபாடினியார் நச்செள்ளையார் பாடிய மறத்தாய், தன் மகன் போரிற் புறங்கொடுத்தான் என்பது மெய்யாயின் அவன் உண்ட முலையை அறுத்தெறிவேன் என்று வஞ்சினம் கூறுகின்றாள். அப்பாட்டையும் அவ்வாறே கடந்துவிடுவேன். இதனைப் பண்பாடு என்று எண்ணியிருந்தேன். பண்பாடன்று, கோழைத்தனம் என்று எனக்குக் கற்பித்தவள் என் தமக்கை.

அவள் என்னினும் ஏழு வயது மூத்தவள். 2009ஆம் ஆண்டு மே மாதத்தில் இம்மண்ணில் நிகழ்ந்தவற்றைப் புதிதாகச் சொல்ல வேண்டுவதில்லை. அவள் கணவனை இழந்தாள். தோளிலும் முதுகிலும் ஷெல் துண்டுகளைச் சுமந்து வெளியேறினாள். எடுக்கப் போனால் நரம்புக்குக் கேடு வரலாம், இருக்கட்டும் என்று வைத்தியர்கள் விட்டுவிட்டார்கள். அவ்வாறு உடம்பில் இரும்பு தாங்கி வாழ்வோர் எங்கள் ஊரில் பலர். மழைக்காலத்தில் அது குத்தும். அவர்கள் தடவிவிட்டு வேலையைப் பார்ப்பார்கள்.

மீளக்குடியமர்ந்த பின், 2014ஆம் ஆண்டில், கிணற்றடியிற் குளிக்கும்போது இடமார்பில் புளியங்கொட்டை அளவில் ஏதோ ஒன்று கைக்குத் தட்டுப்பட்டதாம். நோவில்லை. பழைய துண்டொன்று நகர்ந்து முன்னே வந்துவிட்டது என்று அவள் முடிவு செய்தாள். பதினொரு மாதம் ஒருவரிடமும் வாய் திறக்கவில்லை. புளியங்கொட்டை தேசிக்காய் ஆயிற்று. ஒருநாள் உடுப்புத் தோய்க்கும்போது அவளுடைய சட்டையில் இரத்தக் கறையைக் கண்ட என் மனைவி, "மச்சாள், இதென்ன?" என்று கேட்டாள்.

"ஒண்டுமில்லை. பழைய பீஸ் ஒண்டு வெளியிலை வரப்பாக்குது போலை."

அன்றிரவு நான் கோபித்தேன். ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். அவள் திண்ணையிலிருந்து கடற்பக்கம் பார்த்தபடி சொன்னது இன்றும் என் செவியில் நிற்கின்றது.

"தம்பி, இந்த மணலுக்குள்ளை எத்தினை சனம் கிடக்குது. அதுக்குள்ளை எனக்கொரு கட்டியெண்டு சொல்லி அழவோ?" சிறிது நேரம் பேசாதிருந்துவிட்டுப் பின்பு, "சொல்லுறதெண்டாலும் என்னெண்டு சொல்லுறது? உனக்கோ?" என்றாள்.

பண்டிதனாகிய எனக்கு அவ்விரண்டாம் கேள்விக்கு விடை தெரியவில்லை. எனக்கும் அவளுக்கும் இடையே அந்த உறுப்பைச் சுட்ட ஒரு சொல் இல்லை. ஏட்டில் ஆயிரம் முறை வந்த சொல், வீட்டில் ஒரு முறையும் வந்ததில்லை.

வட்டுவாகல் பாலத்தைக் கடந்து மாஞ்சோலை வைத்தியசாலைக்கு அவளை அழைத்துச் சென்றோம். அன்று தொடங்கி அந்நோயைப் பற்றி அறியத் தலைப்பட்டேன். வைத்தியரிடம் கேட்டேன், படித்தேன். அறிந்தவற்றுட் சிலவற்றை நேயர்கள் முன் வைப்பது என் கடன்.

முதலாவது, மார்பில் தோன்றும் கட்டியெல்லாம் புற்றன்று. கட்டிகளிற் பெரும்பாலானவை தீங்கற்றவை. இளம்பெண்களுக்கு விரலுக்குக் கீழே நழுவி ஓடுகின்ற நார்க்கட்டி வரும். நடுவயதினர்க்கு நீர் நிறைந்த பை போன்ற கட்டி வரும். பாலூட்டும் தாய்மாருக்குப் பால் கட்டிச் சீழ் பிடிப்பதுண்டு. இவை ஒவ்வொன்றுக்கும் தனித்தனி மருத்துவம் உண்டு. ஆயின் இது இன்னதென்று துணிவது நோயாளியின் வேலையன்று, அயலாரின் வேலையுமன்று. அதற்கு வைத்தியர்கள் மூன்று சோதனைகளை ஒருங்கே வைத்துப் பார்க்கின்றனர். கையால் தடவிப் பார்ப்பது ஒன்று. கதிர்ப்படமோ ஒலியலைப் படமோ எடுத்துப் பார்ப்பது ஒன்று. ஊசியால் சிறிது தசையை எடுத்து உருப்பெருக்கிக் கண்ணாடியின் கீழ்ப் பார்ப்பது ஒன்று. மூன்று சாட்சியும் ஒரே வாக்குச் சொன்னால்தான் தீர்ப்பு.

இரண்டாவது, நோவில்லை என்பது ஆறுதலன்று. தொடக்கத்தில் இப்புற்று பெரும்பாலும் நோகாது. நோகாத கட்டி, தோடம்பழத் தோல் போலக் குழிந்து தடிக்கும் தோல், உள்ளிழுபடும் காம்பு, காம்பிலிருந்து கசியும் இரத்தம், கக்கத்தில் திரளும் முடிச்சு என்பன உடனே காட்ட வேண்டிய குறிகள். ஆடவர்க்கும் அரிதாக இது வருவதுண்டு.

மூன்றாவது, மார்பை முற்றாக வெட்டி எடுப்பதுதான் இதற்கு வழி என்னும் அச்சம் பற்றியது. எங்கள் பெண்கள் வாய் திறவாமைக்கு இவ்வச்சமும் ஒரு காரணம். அச்சம் ஆதாரமற்றதன்று, ஒரு காலத்தில் அதுவே முறையாயிருந்தது. அமெரிக்க நாட்டுச் சத்திரவைத்தியர் ஹால்ஸ்டெட் என்பார் 1882ஆம் ஆண்டு தொடங்கி, மார்போடு அதன் அடித்தசைகளையும் கக்கத்து நிணக்கணுக்களையும் ஒருசேர அகற்றும் முறையைக் கையாண்டு, 1894இல் அதன் பலனை வெளியிட்டார். நோய் நடுவிலிருந்து ஒழுங்காகப் புறம்நோக்கிப் பரவும், ஆதலால் எவ்வளவு அகல வெட்டுகிறோமோ அவ்வளவு நல்லது என்பது அவர் கொள்கை. ஏறக்குறைய முக்கால் நூற்றாண்டு அக்கொள்கை கோலோச்சிற்று. பிழைத்த பெண்களும் ஒரு பக்கம் எலும்பு தெரிய, கை வீங்க வாழ்ந்தார்கள்.

அக்கொள்கையை ஐயுற்றவர் பிற்ஸ்பேர்க் நகரத்து பேர்னாட் ஃபிஷர். நோய் தொடக்கத்திலேயே இரத்தத்திற் கலந்து செல்லக்கூடியது; அவ்வாறாயின் அகல வெட்டுவதாற் பயன் என்ன என்று அவர் கேட்டார். கேட்டதோடு நில்லாது சோதித்துப் பார்க்க முற்பட்டார். சோதனை முறை எளிது. ஆயின் அதற்கு இணங்க நெஞ்சுறுதி வேண்டும். இவளுக்கு இச்சிகிச்சை, அவளுக்கு அச்சிகிச்சை என்று வைத்தியர் தெரிந்தெடுத்தால் விருப்பு வெறுப்புப் புகுந்துவிடும். ஆதலால் கோயிலிற் பூக்கட்டித் திருவுளம் பார்ப்பது போல, யாருக்கு எது என்பதைக் குலுக்கல் முடிவு செய்யும். 1976ஆம் ஆண்டு தொடங்கிய சோதனையில் 1,851 பெண்களின் வரலாறு இருபது ஆண்டுகள் தொடர்ந்து ஆராயப்பட்டது. ஒரு சாரார்க்கு மார்பு முழுவதும் அகற்றப்பட்டது. மற்றொரு சாரார்க்குக் கட்டி மட்டும் அகற்றப்பட்டது. இன்னொரு சாரார்க்குக் கட்டியை அகற்றிக் கதிர்ச் சிகிச்சையும் செய்யப்பட்டது. 2002இல் வெளிவந்த முடிவின்படி, உயிர்வாழ்ந்த காலத்தில் மூவகையார்க்கும் குறிப்பிடத்தக்க வேற்றுமை இல்லை. கட்டி மட்டும் நீக்கப்பட்டோருள் நூற்றுக்கு 39 பேருக்கு அதே மார்பில் நோய் மீண்டது. கதிர்ச் சிகிச்சையும் பெற்றோருள் நூற்றுக்கு 14 பேருக்கே மீண்டது. இத்தாலி நாட்டு மிலான் நகரில் வெரொனேசி என்பார் 701 பெண்களிடம் செய்த ஆராய்ச்சியின் இருபது ஆண்டு முடிவும் அதே ஆண்டில் வந்தது. சிறு கட்டியாயின் மார்பைக் காத்தும் உயிரைக் காக்கலாம் என்றே அதுவும் கூறிற்று.

இவ்வறிவு எந்த மேதையின் மூளையிலிருந்தும் தனியே பிறந்ததன்று. என் உடம்பை வைத்துப் பின்வருவோர் கற்கட்டும் என்று இசைந்த பல்லாயிரம் பெண்களின் கொடை அது. அவர்கள் பெயர் எந்நூலிலும் இல்லை. ஊருக்குக் கிணறு வெட்டினோர் பெயரும் இல்லைத்தான், நீர் இருக்கின்றது.

ஆயினும் இக்கொடையின் பயன் சிறு கட்டியோடு வருபவளுக்கே முழுமையாகக் கிட்டும். தேசிக்காய் அளவோடு வருபவளுக்கு வழிகள் குறுகிவிடும். நோயை வேளைக்கே கண்டறிவது எப்படி என்பது அடுத்த கேள்வி. மேல்நாட்டார் கதிர்ப்பட இயந்திரத்தை நம்பினர். ஏழை நாடுகளில் அவ்வியந்திரத்துக்கு எங்கே போவது?

ஒவ்வொரு பெண்ணும் தன்னைத் தானே தடவிப் பார்க்கக் கற்பித்தாற் போதாதோ என்று சீன நாட்டு ஷங்காய் நகரில் 1989ஆம் ஆண்டு முதல் ஆராய்ந்தனர். நெசவாலைகளைச் சேர்ந்த 2,66,064 பெண்கள் அதிற் பங்குகொண்டனர். அவ்வளவு பெரிய முயற்சியின் முடிவு ஏமாற்றமே: கற்பிக்கப்பட்டோர் கூட்டத்தில் இறப்புக் குறையவில்லை. தீங்கற்ற கட்டிகளே மிகுதியாகக் கண்டெடுக்கப்பட்டன. தன் மார்பின் இயல்பைத் தான் அறிந்திருத்தல் நன்றே. ஆயின் அதனையே காவலாக நம்புதல் கூடாது என்பது பெற்ற பாடம்.

எங்களுக்கு அண்மையில் நிற்பது மும்பாய் ஆராய்ச்சி. டாட்டா நினைவு வைத்தியசாலையார் 1998ஆம் ஆண்டில் அதனைத் தொடங்கினர். 35 முதல் 64 வயது வரையான 1,51,538 பெண்களை இரு பாலாக வகுத்தனர். ஒரு பாலார்க்கு, பயிற்சி பெற்ற பெண் சுகாதாரப் பணியாளர் இரண்டு ஆண்டுக்கு ஒரு முறையாக நான்கு முறை மார்பைக் கையாற் சோதித்தனர். இயந்திரம் இல்லை, பயின்ற கை மட்டுமே. இருபது ஆண்டு கழித்து 2021இல் முடிவு வெளிவந்தது. சோதிக்கப்படாதோரில் நோயுற்றவருள் நூற்றுக்கு 47 பேர் முற்றிய நிலையிற் கண்டறியப்பட்டனர். சோதிக்கப்பட்டோரில் அது 37 ஆகக் குறைந்தது. 50 வயதும் அதற்கு மேலும் ஆன பெண்களிடையே இப்புற்றால் நேரும் இறப்பு ஏறக்குறைய நூற்றுக்கு 30 வீதம் குறைந்தது. ஐம்பதுக்கு உட்பட்டோரிடம் அவ்வாறு இறப்புக் குறைந்ததாகக் காணப்படவில்லை என்பதையும் ஆராய்ச்சியாளர் மறைக்கவில்லை. உண்மை ஆராய்ச்சிக்கு அதுவே அழகு.

இச்செய்தியைப் படித்த அன்று எனக்கு உறக்கம் வரவில்லை. இலங்கையில் 1996ஆம் ஆண்டு தொட்டே இதற்கொரு வழி இருக்கின்றது. சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைகளின் கீழ் நடக்கும் சுவநாரி கிளினிக்கில், நோயில்லை என்று எண்ணியிருக்கும் 35 வயது கடந்த பெண்களும் சென்று மார்பையும் கருப்பைக் கழுத்தையும் இலவசமாகச் சோதித்துக்கொள்ளலாம். எங்கள் வீட்டுப் படலையில் நின்று குடும்பநல உத்தியோகத்தர் எத்தனையோ முறை அழைத்திருக்கின்றார். "சுகமாய்த்தானே இருக்கிறன், எனக்கேன்?" என்று அக்கா சொல்வதை முற்றத்தில் நாளிதழ் படித்தபடி நானும் கேட்டிருக்கிறேன். அது பெண்கள் காரியம் என்று இதழைப் புரட்டியிருக்கிறேன்.

அக்காவுக்கு நோய் முற்றியிருந்தது. ஆனையிறவு கடந்து தெல்லிப்பழைக்கு எத்தனை முறை போனோம் என்று கணக்கில்லை. அங்குள்ள புற்றுநோய் வைத்தியசாலைக்கும் ஒரு வரலாறு உண்டு. 2011ஆம் ஆண்டில் தெற்கே தேவேந்திர முனையிலிருந்து வடக்கே பருத்தித்துறை வரை அன்பர் பலர் கால்நடையாக நடந்து திரட்டிய நிதி அதற்கு உதவிற்று. தன் வரிசைக்குக் காத்திருக்கும் வேளையில் அக்கதையை அக்காவுக்குச் சொன்னேன். "நடந்தே வந்தவையோ? எங்களைப்போலை" என்று சிரித்தாள்.

அவளுக்குச் சொன்ன மற்றொரு கதை டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியைப் பற்றியது. சென்னையில் 1912இல் வைத்தியப் பட்டம் பெற்ற அப்பெருமாட்டியின் தங்கை 1923ஆம் ஆண்டில் புற்றுநோயால் இறந்தாள். தமக்கையின் நெஞ்சில் அத்துயர் முப்பது ஆண்டு கனன்றது. 1954இல் அடையாற்றில் புற்றுநோய் நிலையமாக அது எழுந்தது. அடுத்த ஆண்டில் அங்கு வந்து சேர்ந்த டாக்டர் சாந்தா, 2021ஆம் ஆண்டில் மறையும் வரை அந்நிலையமே வாழ்வாக இருந்தார். இன்னொரு கதை ஆங்கில நாவலாசிரியை ஃபனி பேர்னியுடையது. 1811ஆம் ஆண்டு, மயக்க மருந்து வழக்கில் வராத காலத்தில், பாரிஸ் நகரில் அவருடைய மார்பு வெட்டி எடுக்கப்பட்டது. பட்டதனைத்தையும் ஒளியாது தம் சகோதரிக்கு நீண்ட கடிதமாக எழுதினார்; அதன் பின் 1840 வரை வாழ்ந்தார். "அவ எழுதினவ. எனக்குச் சொல்லவே வாய் வரேல்லை" என்றாள் அக்கா.

தமிழிற் சொல் இல்லாமையா காரணம்? அன்று. மானிப்பாயில் வைத்தியம் கற்பித்த அமெரிக்க மிசனரி டாக்டர் கிறீன் 1847இல் யாழ்ப்பாணம் வந்தவர். தமிழ் மாணாக்கர்க்குத் தமிழிலேயே மேல்நாட்டு வைத்தியத்தைக் கற்பித்தார். அங்காதிபாதம், பிரசவ வைத்தியம், இரணவைத்தியம் என நூல்களைத் தமிழில் ஆக்கினார். ஒன்றரை நூற்றாண்டுக்கு முன்னரே நம்மொழி உடம்பின் எந்த உறுப்பையும் நாணாது கூறும் ஆற்றல் பெற்றிருந்தது. மொழி நாணவில்லை, நாணியவர் நாமே. உலக சுகாதார ஸ்தாபனம் 2021இல் தொடங்கிய மார்புப் புற்றுத் தடுப்பு முயற்சி, நோயுற்றோருள் நூற்றுக்கு 60 பேராவது தொடக்க நிலையிற் கண்டறியப்பட வேண்டும், சிகிச்சை நிலையத்தில் முதன்முதற் காட்டிய நாளிலிருந்து 60 நாளுக்குள் நோய் இன்னதென்று துணியப்பட வேண்டும், நூற்றுக்கு 80 பேராவது சிகிச்சையை முடிக்க வேண்டும் என்று இலக்கு வகுத்தது. அந்த 60 நாளும் ஒருத்தி வாய் திறந்து, சென்று காட்டிய பின்னரே தொடங்கும். அக்காவின் பதினொரு மாதம் எந்தக் கணக்கிலும் வாராது.

அவள் சிகிச்சைக்குப் பின் நான்கு ஆண்டு வாழ்ந்தாள். நாணிய அதே பெண், தலைமயிர் உதிர்ந்த தலையிற் சேலைத் தலைப்பைப் போர்த்துக்கொண்டு, கிளினிக் நாட்களில் ஒழுங்கை முகப்பில் நிற்பாள். உடம்பில் துண்டு தாங்கிய பெண்களைப் பெயர் சொல்லி அழைப்பாள். "பீஸோ கட்டியோ எண்டு நீ தீர்மானியாதை. காட்டு. பீஸெண்டால் சிரிச்சுக்கொண்டு வருவம்" என்பாள். கூடவே போவாள். 2019ஆம் ஆண்டில் அவள் மறைந்தபோது எங்கள் முற்றத்தில் நின்ற பெண்களுட் சிலர் அவளால் வேளைக்கே காட்டிப் பிழைத்தவர்கள். பெரிய சாவுகளைக் கண்ட மண்ணில் தனி ஒருத்தியின் நோவு சிறிதென்று எண்ணியவள், அப்படி எண்ணுவது பிழை என்று தானே கண்டு, தானே திருத்திக்கொண்டு போனாள். இத்தனை பேரை இழந்த ஊர், இருப்பவர்களுள் ஒருத்தியையும் வீணே இழக்கலாகாது அன்றோ?

இப்பொழுது வஞ்சினமாலை கற்பிக்கும்போது நான் சொல்லை மாற்றுவதில்லை. இளங்கோவடிகள் சொன்னபடியே உரக்கச் சொல்கிறேன். சொல்லிவிட்டு ஏட்டை மூடி வைத்து, ஐந்து நிமிடம் இந்நோயைப் பற்றிப் பேசுகிறேன். முதல் ஆண்டில் சிரித்தார்கள். பிறகு சிரிப்பு நின்றது. சென்ற தவணையில் வகுப்பு முடிந்து எல்லோரும் போன பின் ஒரு மாணவி மட்டும் நின்றாள்.

"சேர், அம்மாவைக் கூட்டிக்கொண்டு போறதெண்டால் கிளினிக் எந்த நாள்?"

நாளைச் சொன்னேன். வேறொன்றும் கேட்கவில்லை, கேட்பது முறையுமன்று.

வற்றாப்பளைக்குப் பொங்கல் சுமந்து செல்லும் தாய்மாரே, உடன்பிறந்தோரே! கண்ணகி தன் மார்பை மறைத்து வைத்து நீதி பெற்றவளல்லள். நீங்களும் உங்கள் ஊர்ச் சுகாதாரப் பணிமனையில் ஒரு முறை ஏறி இறங்குங்கள். ஆடவரே, படலையில் நின்று குடும்பநல உத்தியோகத்தர் அழைக்கும்போது நாளிதழை மடித்து வையுங்கள். அது உங்கள் காரியமும் ஆகும்.